ஜனதா ஆட்டோமேட்டிக்

(திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே வாட்ச் ரிப்பேர் கடை. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, ஒரு அண்ணாச்சி. வரலாற்று வாத்தியார் இடது கையை உதறிக்கொண்டே வருகிறார்.)

அண்ணாச்சி: வாங்க சார். கையில் என்ன, சுளுக்கா? வைத்தியர் அடுத்த சந்து.

வாத்தியார்: சுளுக்கு இல்லை அண்ணாச்சி. வாட்சுக்குச் சாவி ஏற்றுகிறேன்.

அண்ணாச்சி: உதறியா?

வாத்தியார்: ஆட்டோமேட்டிக். கை அசைந்தால் போதும், தானாக ஏறிக்கொள்ளும். ஆனால் பார்சல் வந்த நாளிலிருந்து உதறுகிறேன், ஓட மாட்டேன் என்கிறது. நேற்று ஒன்பதாம் வகுப்பில் உதறினேன். வெளியே போகச் சொல்கிறேன் என்று நினைத்துக் கடைசி பெஞ்சு மொத்தமும் எழுந்து போய்விட்டது.

அண்ணாச்சி: திரும்பி வந்தார்களா?

வாத்தியார்: இன்னும் இல்லை.

அண்ணாச்சி: கழற்றிக் கொடுங்கள். (கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு) எச்.எம்.டி... ஜனதா... சிவப்பு டயல்... ஆட்டோமேட்டிக்... எவ்வளவு கொடுத்தீர்கள்?

வாத்தியார்: விலையை விடுங்கள். இது வரலாறு. எச்.எம்.டி அரசாங்கக் கம்பெனி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கினார்கள். அப்புறம் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று போய், கடைசியில் 2016இல் மத்திய அரசே மூடுவதென்று முடிவெடுத்துவிட்டது. இனிமேல் வருமா? விற்றவர் எழுதியிருந்தார், ‘அலமாரியிலேயே இருந்த பீஸ், யார் கையும் படாதது, நூறு சதவீதம் ஒரிஜினல்’ என்று.

அண்ணாச்சி: எவ்வளவு சார்?

வாத்தியார்: நாலாயிரத்து ஐந்நூறு.

(அண்ணாச்சியின் கண்ணிலிருந்து லென்ஸ் கழன்று மேசையில் விழுகிறது. அதைத் தேடி எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிறார். ஒன்றும் சொல்லாமல் சாவியை இரண்டு விரலால் பிடித்து இருபது சுற்றுச் சுற்றுகிறார். வாட்ச் ஓட ஆரம்பிக்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருத்துகிறார்.)

வாத்தியார்: ஓடுகிறதே! என்ன செய்தீர்கள்?

அண்ணாச்சி: சாவி கொடுத்தேன். ஜனதா கையால் சாவி கொடுக்கிற வாட்ச் சார். தினமும் காலையில் ஒரு தடவை. உதற வேண்டியதே இல்லை.

வாத்தியார்: டயலில் ஆட்டோமேட்டிக் என்று போட்டிருக்கிறதே?

அண்ணாச்சி: பெயின்ட் அடிக்கிறவன் எதை வேண்டுமானாலும் போடுவான். திறந்து காட்டுகிறேன். முதலில் உங்கள் போனில் நாலு படம் எடுங்கள். முன்னால், பின்னால், பக்கவாட்டில். பிறகு ‘நீங்கள்தான் திறந்து கெடுத்தீர்கள்’ என்று அவன் சொல்லக்கூடாது.

(வாத்தியார் படம் எடுக்கிறார். அண்ணாச்சி பின் மூடியைத் திறந்து கவிழ்த்து வைக்கிறார்.)

அண்ணாச்சி: ஆட்டோமேட்டிக் என்றால் மெஷினுக்கு மேலே அரைவட்டமாக ஒரு எடை இருக்கும். கை ஆட ஆட அது சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கும். இதில் எங்கே?

வாத்தியார்: தொலைந்திருக்குமோ?

அண்ணாச்சி: இருந்தால்தானே தொலையும்? அடுத்தது, டயலில் 21 ஜுவல்ஸ். உள்ளே மெஷினில் பொறித்திருப்பது 17.

வாத்தியார்: நாலு கல்லைத் திருடிவிட்டார்களா!

அண்ணாச்சி: திருடி என்ன செய்வது, தோடு செய்யவா? அது சக்கரத்தின் அச்சு தேயாமல் இருக்க வைக்கிற செயற்கைக் கல். விற்கப் போனால் டீக்காசு கூடத் தேறாது. இவன் கல்லைத் திருடவில்லை, எண்ணைக் கூட்டிப் போட்டிருக்கிறான். (மெஷினை வெளியே எடுக்கிறார்) டயல் ஓரத்தைப் பாருங்கள். சிவப்புக்கு அடியில் பழைய வெள்ளை தெரிகிறது. ‘ஜனதா’வில் கடைசி எழுத்து கீழே இறங்கிவிட்டது.

வாத்தியார்: கையால் எழுதிய பழைய முறையாக்கும் என்று ரசித்தேன்.

அண்ணாச்சி: டயலுக்கு அடியில் இரண்டு கால் இருக்கும், மெஷினில் உள்ள துளையில் உட்காரும். இதில் இரண்டையும் வெட்டிவிட்டு டபுள் டேப் போட்டு ஒட்டியிருக்கிறான். அப்படியென்றால் இது வேறு ஏதோ வாட்சின் டயல். நிமிட முள்ளும் இதனுடையது இல்லை. கோடு வரை எட்டவே இல்லை பாருங்கள், லேடீஸ் வாட்சில் இருந்து பிடுங்கியது.

வாத்தியார்: அதனால்தான் எனக்கு எப்போதும் ‘கிட்டத்தட்ட பத்து’ என்றே தெரிகிறது. மோசடி! வாட்சில் ஒரு பாகத்தைக்கூட மாற்றக்கூடாது அண்ணாச்சி!

அண்ணாச்சி: அப்படிச் சொல்லாதீர்கள், நான் எப்படிப் பிழைப்பது? கண்ணாடி கீறினால் மாற்ற வேண்டும். சாவி தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஐம்பது வருஷம் கையில் கட்டிய வாட்சில் இதெல்லாம் மாறாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். டயல் விஷயம் வேறு. பழைய வாட்ச் சேர்க்கிறவர்கள் கறை படிந்திருந்தாலும் முதலில் வந்த டயலுக்குத்தான் காசு கொடுப்பார்கள். பெயின்ட் அடித்தால் விலை விழுந்துவிடும். ‘அடித்திருக்கிறேன், மெஷின் கைச்சாவி, விலை எண்ணூறு’ என்று சொல்லி விற்றிருந்தால் அவனும் வியாபாரி. இவன் வாயைத் திறக்கவில்லையே.

வாத்தியார்: கேட்டேன். ‘விண்டேஜ் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று பதில் போட்டான். கூடவே கும்பிடுகிற கை படம்.

அண்ணாச்சி: எழுத்தில் போட்டானா? அழிக்காதீர்கள். என் மகள் சட்டம் படிக்கிறாள். 2020இல் ஆன்லைன் வியாபாரத்துக்கென்றே நுகர்வோர் விதி வந்ததாம். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால், விற்றவன் திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. முதலில் அவனுக்கு எழுதுங்கள். மசியவில்லையென்றால் 1915க்குப் போன் போடுங்கள், அது நுகர்வோர் உதவி எண். நான் பார்த்ததையெல்லாம் இந்த ரசீதில் எழுதிக் கையெழுத்தே போட்டுத் தருகிறேன். (எழுதிக்கொண்டே) இந்த மாதிரி ஆட்களை விடவே கூடாது சார். இவனுக்குப் பழைய சாமான் எடுத்துக் கொடுக்கிறவனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்!

(வாத்தியார் பின் மூடியைத் திருப்பி, கல்வெட்டு படிக்கிற பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்க்கிறார்.)

வாத்தியார்: அண்ணாச்சி, உள்பக்கம் ஊசியால் ஏதோ கீறியிருக்கிறது.

அண்ணாச்சி: சர்வீஸ் செய்கிறவன் போடுகிற அடையாளம். தேதி, பில் நம்பர் இருக்கும். கியாரண்டி என்று யாராவது பொய் சொல்லி வந்தால் கண்டுபிடிக்க.

வாத்தியார்: ஆக, யார் கையும் படாதது என்பதும் பொய்! 14... 8... 98. பக்கத்தில் ஒரு படம். கோடு, மேலே இலை மாதிரி... வேல்! (ரசீதைப் பார்க்கிறார். மூடியைப் பார்க்கிறார். மறுபடி ரசீதைப் பார்க்கிறார்.) உங்கள் கையெழுத்துக்குக் கீழேயும் ஒரு வேல் போடுகிறீர்களே?

(அண்ணாச்சி பேனாவை மூடுகிறார்.)

அண்ணாச்சி: முருக பக்தர்கள் நாட்டில் நிறையப் பேர் சார்.

வாத்தியார்: ‘8’ஐ இரண்டு தனி வட்டமாகப் போடுகிற முருக பக்தர்கள்?

அண்ணாச்சி: ...யாரும் திரும்ப வாங்க வராத வாட்சுகள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டது. கேஸ், மூடி, உடைந்த மெஷின். வடக்கேயிருந்து ஒருத்தர் வந்து எடைக்குக் கேட்டார். டப்பாவோடு அறுநூறு. அவர் பொங்கி விற்பாரா, பொரித்து விற்பாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

வாத்தியார்: அப்போது, எடுத்துக் கொடுத்தவனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று இப்போதுதான் சொன்னீர்கள்.

அண்ணாச்சி: பொதுவாகச் சொன்னேன்.

வாத்தியார்: சரி, இதில் ஒரிஜினல் என்று எதுவுமே இல்லையா?

அண்ணாச்சி: மூடி ஒரிஜினல் சார். அதற்கு நானே சாட்சி.

வாத்தியார்: அதைத்தான் எழுதப் போகிறேன். மூடியையும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி: அந்தப் பக்கம் மட்டும் வேண்டாமே. ரசீதையும் கொடுங்கள், எழுத்துப்பிழை இருக்கிற மாதிரி தெரிகிறது. (விளக்கை அணைக்கிறார்) கடையை மூடுகிறேன் சார், சாப்பாட்டு நேரம்.

வாத்தியார்: மணி பத்தரைதானே ஆகிறது?

அண்ணாச்சி: அந்த வாட்சை நம்பியா சொல்கிறீர்கள்?