வன்னியில் உருளைக்கிழங்கு: கலண்டரை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துப் பாருங்கள்

"அண்ணை, வன்னியில உருளைக்கிழங்கு வருமா? யாழ்ப்பாணத்தில செய்யிற மாதிரியே செய்யலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வரும் தம்பி. ஆனால் அதே மாதிரிச் செய்தால் வராது. இது படித்து வந்த அறிவு இல்லை, கால் ஏக்கர் அழுகி வந்த அறிவு.

எங்களுடையது வவுனியாவுக்கு வடக்கே, குளத்தை ஒட்டிய மேட்டுக்காணி. உரும்பிராயில் கிழங்கு செய்த பெரியப்பாவின் கணக்குப்படி 2020 கார்த்திகையில் நட்டேன். டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் வந்தது. பெரியப்பாவின் செம்பாட்டு மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், தண்ணீர் நிற்காது. எங்கள் மண் நனைந்தால் களி, காய்ந்தால் கல். நாலாம் நாள் ஒரு விதைக்கிழங்கைக் கிண்டி எடுத்தேன். தோல் முழுசாகத்தான் இருந்தது. விரலால் அமத்தினேன், உள்ளே கூழ். அந்த நாற்றம் குளித்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை.

அடுத்த வருடம் அரசின் இரசாயன உரத்தடை, விட்டுவிட்டேன். பிறகு துணிந்தபோது மழைக்குப் பயந்து, தைப்பொங்கல் முடிய நட்டேன். செடியைப் பார்த்தவர்கள் கண் வைத்தார்கள், அவ்வளவு செழிப்பு. கிண்டினால் போளை (கோலிக்குண்டு) அளவில் நாலைந்து! உருளைக்கிழங்கு குளிர்நாட்டுப் பிள்ளை. இரவு வெப்பம் 20 பாகையைத் தாண்டத் தாண்ட கிழங்கு வைப்பது குறையும். மண் 30 பாகையை நெருங்கினால் ஏறத்தாழ நின்றுவிடும். பகலில் இலை சேர்த்த மாவைச் சூடான இரவில் செடியே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும்.

ஆக, எங்களுக்கு வாய்ப்பது மார்கழி, தைக் குளிர் மட்டும்தான். ஒரு பக்கத்தை மழை தின்கிறது, மறுபக்கத்தை வெயில் தின்கிறது.

வங்காளதேசத்திலும் சுந்தரவனத்திலும் நெல் வெட்டிய வயலை உழாமல், ஈரத்தின் மேலேயே கிழங்கை வைத்து வைக்கோலால் மூடி விளைவிக்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பகிர்கிறவர்களுக்கு ஒன்று: அங்கே குளிர் வரும்போது வயல் காலி. இங்கே காலபோகம் என்கிற மழைக்கால நெல்லின் வெட்டு தை, மாசி. வயல் காலியாகும்போது குளிர் போய்விடும்.

அதனால் வயலை விடுங்கள், வைக்கோலை மேட்டுக்காணிக்குக் கொண்டுவாருங்கள். சிறுபோகம் என்கிற கோடை நெல்லை வெட்டியதும் கொளுத்துகிறோமே, அதே வைக்கோல்தான். ஒன்றரை அடி உயர்த்திப் பாத்தி போட்டு, தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டி, மழை விட்ட பிறகு மூடினேன். உச்சி வெயிலில் வெறும் மண்ணில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை. வைக்கோலுக்குள் விட்டால் மண்பானையின் அடியைத் தொட்ட மாதிரி. கறையான் வரும், எலியும் வரும், அது வேறு கதை.

சரி, எப்போது நடுவது? ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாக நின்றால் பொறுங்கள், உதிர்ந்தால் நடுங்கள். அதுவரை விதைக்கிழங்கைச் சாக்கில் கட்டி வைக்காமல், வெளிச்சம் படும், வெயில் படாத இடத்தில் தட்டில் பரப்பினால் குட்டையான, பச்சை முளை வரும். இருட்டில் வரும் வெள்ளை முளை தொட்டாலே முறியும். முளைத்த கிழங்கு நட்டதும் எழும்பிவிடும், காத்திருந்த நாட்கள் வீணாகாது.

ஆனால் விதை கையில் இருந்தால்தானே தட்டில் பரப்ப? பெரும்பாலும் கப்பலில் வரும் விதை. ஒரு முறை பதிவு செய்தும் மூன்று கிழமை பிந்தித்தான் தந்தார்கள், கேட்டால் அடுத்த மேசையைக் காட்டினார்கள். பெருவின் லீமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் வெப்பம் தாங்கும் இனங்களில் வேலை செய்கிறது. நல்லது. ஆனால் எந்த இனமும் தை பிறந்த பிறகு வந்தால் இங்கே போளைதான். எனக்குப் புது இனத்தை விட ஐப்பசியில் கையில் கிடைக்கும் பழைய இனம் போதும்.

இந்த முறை நாலு பாத்திதான். மிச்சத்தில் மரவள்ளி. பன்றி எதை முதலில் கிண்டுகிறது என்று பார்ப்போம்.