எங்கள் வீட்டில் தினமும் செத்த வீடு

நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் தலை நிறையச் சவர்க்கார நுரையோடு நிற்கிறேன். வீட்டுக்குள்ளிருந்து "அப்பா...!" என்று மூத்த மகளின் அலறல். கண் எரிய எரிய, சாரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். படியில் இடறி முழங்கால் தோல் போனதுதான் மிச்சம். உள்ளே, அலுமாரியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணீர் வழிய நிற்கிறாள். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ அப்பா, வீடியோக்குள்ள வந்திட்டீங்க. திரும்ப எடுக்கணும்" என்கிறாள்.

டிக்டொக்கில் நடிப்புச் சவாலாம். திரையில் எழுத்து வரும்: சிரி, கோபப்படு, அழு. சில விநாடிக்குள் மூன்றும் முகத்தில் மாற வேண்டும். இல்லாவிட்டால் யாரோ பாதி வசனம் பேசி இடைவெளி விட்டு வைத்திருப்பார். டூயட் போட்டால் திரை இரண்டாகும், மற்றப் பாதியில் நின்று நம்ம பிள்ளை பதிலுக்கு அழ வேண்டும். ஒருதரம் அழுதால் போதுமா? வெளிச்சம் சரியில்லை, மூக்குப் பெரிதாகத் தெரியுது, சேவல் கூவிவிட்டது என்று பதினெட்டுத் தரம். பக்கத்து வீட்டு மாமி முதல் நாள் பதறிப்போய் வேலியால் எட்டிப் பார்த்தார். இப்போது "இண்டைக்கு ஆருகா செத்த?" என்று கேட்டுவிட்டு மீன் வெட்டப் போய்விடுகிறார்.

வெளியே போனாலும் இதே கூத்து. மட்டக்களப்பு கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு பொடியன் வாவியைப் பார்த்து விம்மி விம்மி அழுகிறான். சைக்கிளைப் போட்டுவிட்டு "என்ன மனே, என்ன நடந்த?" என்று ஓடினேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "அது வீடியோ" என்றார்.

கூத்து என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கூத்துக்குத்தான் இழுக்கு. என் அம்மப்பா வடமோடிக் கூத்து ஆடினவர். அவரவர் பகுதியை எழுதிச் 'சட்டம்' கொடுத்த நாளிலிருந்து மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். களரி என்கிற ஆடுகளத்தில் விடிய விடிய ஆட வேண்டும். அழுகிற கட்டம் வந்தால் அந்த அழுகையையும் சொந்தத் தொண்டையால் பாட வேண்டும். தாளம் தப்பினால் மத்தளத்தோடு நிற்கிற, கூத்துப் பழக்கின அண்ணாவியார் பார்வையாலேயே சுட்டுவிடுவார்.

இவள் அழுகிற அழுகைக்குக் குரல் யாருடையது? ஏதோ இந்தியப் படத்து நடிகையுடையது. டிக்டொக்கில் அந்த ஒலித்துண்டுக்கு 'சவுண்ட்' என்று பெயர். வாயசைப்பு மட்டும்தான் இவளுடையது. நாள் முழுக்க "ஏன் இப்பிடிச் செய்யிற?" என்று தம்பியோடு சண்டை பிடிக்கிறவள், அழும்போது மட்டும் சென்னைக்குப் போய் "ஏன் இப்படிப் பண்றே?" என்கிறாள். இந்த ஊரில் நாங்கள் எதையும் செய்வோம், பண்ண மாட்டோமே! இந்தியாவில் 2020 ஜூனிலேயே இந்த ஆப்பைத் தடை செய்துவிட்டார்கள். அவர்கள் படத்து வசனத்துக்கு மட்டக்களப்பில் இருந்து என் பிள்ளை மூக்குச் சிந்திக்கொண்டிருக்கிறாள்.

பொறுக்க முடியாமல், "அழுறதெண்டா உன்ட சொந்தக் குரலில அழு" என்று கத்தினேன்.

"அதுக்கு சவுண்ட் இல்லையே அப்பா" என்கிறாள்.

முழங்காலுக்கு மருந்து போட ஒரு ஆள் இல்லை. டேட்டா முடிஞ்சுதாம், ரீலோட் போடச் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.