வலி நின்னது வேற, தசை ஆறினது வேற

ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நடந்த ரிலே வீடியோ எல்லார் போனிலும் இருக்கு. மூணாவதா ஓடின பொண்ணு வளைவில் தொடையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டா. அதுக்குக் கீழே "ஃபிசியோ என்ன பண்ணிட்டிருந்தார்?"னு கேட்கிறீங்க. ஏற்கெனவே பின்தொடைத் தசை கிழிஞ்ச இவளை இறக்காதீங்கன்னு கோச்சிடம் சொல்லிட்டிருந்தார். ரெண்டு தடவை சொன்னார்.

வலி நின்னது வேற, தசை ஆறினது வேற. வேகமா ஓடுறவங்களுக்குப் பின்தொடையில் பெரும்பாலும் கிழியறது பைசெப்ஸ் ஃபெமோரிஸ்ங்கிற தசை. முன்னால் வீசின கால் தரையைத் தொடப்போகும் நேரத்தில் அந்தத் தசை நீண்டுகிட்டே பிரேக் பிடிக்குது. அங்கேதான் கிழியும். பத்துப் பதினைந்து நாளில் மெதுவா ஓடினா பல பேருக்கு வலிக்காது, ஏன்னா அந்த வேகத்தில் பிரேக்குக்குப் பெரிய வேலையே இல்லை. கிழிசல், தசையை எலும்போட சேர்க்கிற தசைநாரைத் தொட்டிருந்தா இன்னும் பல வாரம் ஆகும்.

அந்தப் பொண்ணு வீட்டில் கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். தசை கிழிஞ்ச இருபதாம் நாள் குப்புறப் படுக்கவெச்சு அளந்தப்ப அடிபட்ட காலின் பலம் மற்ற காலைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் வரணும். மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்காம காலை வேகமா மேலே வீசச் சொன்னா, பாதியில் நிறுத்தி நிறுத்தித் தூக்கினா. உடம்பு இன்னும் அந்தக் காலை நம்பலைன்னு அர்த்தம். நேர்க்கோட்டில் எழுபது சதவீத வேகம்தான் தாண்டியிருந்தா. அடுத்து எண்பது, தொண்ணூறு, அப்புறம் வளைவு, எல்லாம் முடிஞ்சு பேட்டன், அதாவது ரிலே கட்டையைக் கைமாத்தற பயிற்சி. மூணாவது ஆள் நின்ன இடத்திலிருந்து சீறிக் கிளம்பணும், கையைப் பின்னால் நீட்டணும், உடனே வளைவு. இருக்கிறதிலேயே கடினமான வேலையைக் கொடுத்திருக்கீங்க.

"ஸ்ப்ரே அடிச்சோமே"ன்னு ஒருத்தர். ஸ்ப்ரே தோலை மரக்க வைக்கும், தசையைத் தைக்காது. "அந்தக் காலத்தில் உழிச்சில் (எண்ணெய்த் தடவல்) பண்ணிட்டு ஓடலையா?" ஓடினாங்க. எத்தனை பேர் அதோட நின்னாங்கன்னு யாரும் எண்ணலை. புதுக் கிழிசலை முதல் சில நாளில் அழுத்தித் தேய்ச்சா உள்ளே ரத்தக்கசிவு கூடும். ஊசி போட்டிருக்கலாம்னு எழுதினவருக்கு: குளுக்கோகார்ட்டிகாய்டுங்கிற ஸ்டீராய்டு மருந்தை எந்த வழியில் ஊசியாப் போட்டாலும் 2022 முதல் போட்டி நேரத்தில் தடை. ஊக்கமருந்துக் கேஸில் பிள்ளை மாட்டியிருப்பா.

விளையாட்டுக்குக் கிடைக்கிற கிரேஸ் மார்க், ரயில்வே வேலைன்னு வீட்டுக் கஷ்டம் சொல்றீங்க. அது உண்மை, அதை நான் மறுக்கலை. ஆனா ஒருமுறை கிழிஞ்ச தசை மறுபடி கிழியற வாய்ப்பு, களத்துக்குத் திரும்பின முதல் ரெண்டு வாரத்தில்தான் ரொம்ப அதிகம். அடுத்த வருஷ மெடலையும் சேர்த்துத்தானே பணயம் வெச்சீங்க?

நம்ம பாலக்காட்டு நீளம் தாண்டுதல் வீரர் ஸ்ரீசங்கர் 8.37 மீட்டர் தாண்டி பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றவர். 2024 ஏப்ரலில் முழங்கால் போச்சு, அறுவை சிகிச்சை, ஒலிம்பிக்கையே விட்டார். 2025 ஜூலையில் புனேயில் திரும்ப வந்து 8.05 தாண்டினார். ஒலிம்பிக்குக்கே காத்திருக்க முடிஞ்சிருக்கு. இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்.

மைக்கில் அந்த ஃபிசியோவை "தடவி விடற ஆள்"னு சொன்னீங்க. பிசியோதெரபியில் நாலரை வருஷம் பிபிடி பட்டம், மேலே ரெண்டு வருஷம் எம்பிடி மேற்பட்டம் படிச்சவர். ஜெயிச்சா போட்டோவில் அவர் இருக்கமாட்டார், அதை ஃபிசியோக்களான எங்களில் யாரும் கேட்டதில்லை. இறக்காதேன்னு சொன்னா அதைக் கேளுங்கன்னுதான் கேட்கிறோம்.

பெஞ்சில் ரெண்டு ரிசர்வ் பொண்ணுங்க ஷூ கட்டி உட்கார்ந்திருந்தாங்க, கோச் மாஷே.