எர்த் கம்பி அடித்தால் யுஎஸ்பி சரியாகாது

“ஹாம் (அமெச்சூர்) ரேடியோ போட்டி நடுவில் 20 மீட்டர் அலைவரிசையில் அனுப்பும்போது ரேடியோவுக்கும் கணினிக்கும் இடையிலான யுஎஸ்பி துண்டித்துக்கொள்கிறதா? எர்த் மோசம், இன்னொரு கம்பி அடியுங்கள்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறான வழி.

மண்ணில் அடிக்கும் கம்பி மின்னலுக்கும் மின் பாதுகாப்புக்கும். அதைக் கழற்றிவிடாதீர்கள். ஆனால் 20 மீட்டர் அலைவரிசை இருக்கும் 14 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 5 மீட்டர். மாடி அறையிலிருந்து கம்பி வரை உங்கள் எர்த் வயர் அந்த நீளத்தில் இருந்தால், ரேடியோ பக்கத்தில் அது எர்த்தாகவே நடந்துகொள்ளாது. 20 மீட்டரில் மட்டும் தொல்லை வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

முதலில் ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடில் (பவரை அலையாகப் பரப்பாமல் வெப்பமாக்கிவிடும் சுமை) அதே பவரில் அனுப்பிப் பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால், ஆன்டெனாவிலிருந்துதான் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண் ஆற்றல்) திரும்பி வருகிறது. பெரும்பாலும் ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறம் வழியாக. கேபிள் ஆன்டெனாவில் சேரும் ஊட்டுமுனையில் ஒரு நல்ல சோக் (அந்த வெளிப்புற மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) போடுங்கள். யுஎஸ்பி கேபிளையும் 31 ரக ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையத்தில் பல சுற்று சுற்றுங்கள். கேபிள் மேலே மாட்டும் ஒற்றை ஃபெரைட் கிளிப் (எல்லாரும் முதலில் வாங்குவது அதைத்தான்) எச்எஃப்பில் (20 மீட்டர் உள்ளிட்ட 3–30 மெகாஹெர்ட்ஸ்) பெரிதாக ஒன்றும் செய்யாது. வளையம் ஆர்எஃப்புக்குத் தரும் தடை ஏறத்தாழ சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அப்புறம் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், கணினி மூன்றின் உலோக உடல்களையும் குட்டையான, அகலமான செம்புப் பட்டையால் இணைத்துவிடுங்கள்.