விரலை மடக்குவதைவிட விரிப்பதுதான் கஷ்டம்

பக்கவாதத்துக்குப் பிறகான கைப் பயிற்சிக்கு, விரல்களை அசைக்க உதவும் மென் ரோபோ கையுறை வந்திருப்பதை உங்கள் கட்டுரையில் விளக்கியதற்கு நன்றி. ஆனால், மாட்டிக்கொண்டாலே கை சரியாகிவிடும் என்பதுபோல் கட்டுரை முடிவது எனக்கு உறுத்துகிறது.

2015-இல் ஹார்வர்டு குழு வெளியிட்ட கையுறையில், ரப்பர் போன்ற குழாய்களுக்குள் தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். சுற்றியுள்ள இழைகள் குழாய் பக்கவாட்டில் உப்பாமல் தடுத்து, விரலோடு சேர்ந்து வளைய வைக்கும். அருமையான யோசனை. ஆனால் பலருக்கு விரல்கள் உள்பக்கமாக இறுகிவிடுகிறதே! எங்கள் அம்மாவுக்குக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்திருக்கும். நகம் வெட்டவே மணிக்கட்டைக் கீழே மடக்கி, இறுக்கம் கொஞ்சம் தளர்ந்த பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும். அந்தக் கையில் கையுறையை எப்படி மாட்டுவது? விரல்களை விரிக்கவும் உதவுமா என்பதைத்தான் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டும்.

அப்புறம், கருவி அசைத்தால் மட்டும் போதாது, நோயாளி தானும் முயல வேண்டும். பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் (அது கையுறை அல்ல, கைக்கான பெரிய ரோபோ), வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ பயிற்சி கையின் செயல்பாட்டைக் கூட்டவில்லை. தயவுசெய்து பிசியோதெரபியை நிறுத்திவிட்டு யாரும் கையுறைக்குப் பணம் கட்டாதீர்கள்.