விளையாடலாம், கொடி மட்டும் கூடாதாம்

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறது என்று நாம் குதித்தோமே, அதே அறிவிப்பில் லக்ராஸும் இருந்தது. கம்பு நுனியில் சின்ன வலை, அதில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவார்கள், அதுதான்.

அது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். நியூயார்க் பக்கமும் கனடாவிலும் வாழும் ஹோடெனோஷோனி மக்களுக்கு மருந்தே அதுதான். ஊரில் ஒருவர் படுத்த படுக்கையானால் அவருக்காக இறங்கி ஆடுவார்கள். அன்றைக்கு மரத்தில் செய்த மட்டைதான், பிளாஸ்டிக் கிடையாது.

1860களில் மான்ட்ரியல் பல் மருத்துவர் ஒருவர் இதற்கு விதிகள் எழுதினார். 1880இல், காசு வாங்கி ஆடுகிறார்கள் என்று சொல்லிப் பூர்வகுடிகளையே கனடாவின் அமெச்சூர் (காசு வாங்காமல் ஆடுபவர்களுக்கான) போட்டிகளிலிருந்து தள்ளிவைத்தார்கள். ஊர் ஊராகப் போய் ஆட வண்டிச்சத்தம் வேண்டாமா?

ஆட்டத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. 1940களின் கடைசியில் கனடா அரசின் சத்துணவு ஆய்வாளர்கள் பூர்வகுடிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிகளுக்குப் போனார்கள். பிள்ளைகள் பசியோடு இருப்பது தெரியும். தெரிந்தும் ஆராய்ச்சிதான் நடந்தது. அவற்றில் ஒன்றான அல்பெர்னி பள்ளியில், கொடுக்க வேண்டிய பாலில் பாதிகூட இல்லாத அளவை இரண்டு வருஷம் அப்படியே வைத்திருந்தார்கள், பிறகு கூட்டினால் என்ன மாற்றம் தெரிகிறது என்று பார்க்க. பிள்ளைகளின் ஈறு எப்படி இருக்கிறது என்றும் கணக்கெடுத்தார்கள், அந்தக் கணக்கு கெட்டுவிடக் கூடாது என்று பல் சிகிச்சையையும் நிறுத்திவைத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று அதே மக்களிடம் போய் இனிப்பைக் குறை, நட, ஓடு என்று திட்டம் போடுகிறார்கள். சர்க்கரை நோய் அங்கே நிஜமாகவே அதிகம், மறுக்கவில்லை. ஆனால் திட்டம் யார் கையில்? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2013இல், மத்திய அரசு நடத்திவந்த சுகாதார சேவைகளைப் பூர்வகுடிகளின் சொந்த ஆணையமே ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால் காலனியத்தைக் கழற்றுவது என்றால் இப்படிச் சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதுதான்.

விளையாட்டில் அந்தச் சாவி இன்னும் கைமாறவில்லை. 2018, 2023 இரண்டு லக்ராஸ் உலகப் போட்டியிலும் ஹோடெனோஷோனி ஆண்கள் அணிக்கு மூன்றாமிடம். ஆனாலும் உங்களுக்கென்று தேசிய ஒலிம்பிக் குழு இல்லை, அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆடுங்கள் என்கிறது சர்வதேச ஒலிம்பிக் குழு. ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டங்களுக்கென்று நடக்கும் உலக விளையாட்டுப் போட்டியிலும், 2022இல், முதலில் இடமில்லை என்றுதான் சொன்னார்கள். அயர்லாந்து தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. (பிரிட்டன் ஆட்சியில் கிடந்த அயர்லாந்துக்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!)

2010இல் மான்செஸ்டரில் உலகப் போட்டி. ஹோடெனோஷோனி அணி, தங்கள் மக்களே வழங்கும் சொந்தப் பாஸ்போர்ட்டோடு கிளம்பியது. பிரிட்டன் விசா தர மறுத்தது. அமெரிக்கப் பாஸ்போர்ட் உடனே தருகிறோம், அதில் போங்கள் என்றது அமெரிக்க அரசு. நியூயார்க்கில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள், அது வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.