தீர்வை யார் தலையில் விழும்? மாட்டை வைத்துக் கணக்குப் பார்ப்போம்

2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை, அதாவது இறக்குமதி வரி, என்று அறிவித்தபோது கொழும்பில் பேச்செல்லாம் ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றியே இருந்தது. நியாயம்தான். பிறகு அது 30 ஆகி, ஓகஸ்டில் 20 ஆனது. ஆனால் தீர்வை என்பது யாரை எப்படிக் கடிக்கும் என்று விளங்கிக்கொள்ள, சட்டையை விட மாடு நல்ல உதாரணம். ஓடர் இல்லையென்றால் மெஷினை நிறுத்திவிடலாம். பசுவின் வயிற்றில் இருக்கிற கன்றை நிறுத்த முடியாது. சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். ஈன்ற கன்று அறுவைக்குத் தயாராக, தானியம் போட்டு வளர்க்கிற அமெரிக்காவிலேயே ஒன்றரை வருஷத்துக்கு மேல் வேண்டும். அப்படியென்றால் இன்றைக்கு விற்க நிற்கிற மாடு, இரண்டேகால் வருஷத்துக்கு முன் எடுத்த முடிவு. இடையில் யாரோ ஒரு ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது மாட்டுக்குத் தெரியாது.

தீர்வையை யார் கட்டுவது என்று இங்கே அடிக்கடி சண்டை நடக்கிறது. "ஏற்றுமதி செய்கிற நாடு கட்டும்" என்கிறார்கள் சிலர். "இல்லை, தின்கிறவன்தான் கட்டுவான்" என்கிறார்கள் வேறு சிலர். சுங்கத்தில் காசைக் கட்டுகிறவர் எப்போதும் இறக்குமதியாளர்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தச் சுமை கடைசியில் யார் தோளில் இறங்கும் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை. விற்கிறவர் பக்கம் சரக்குத் தேங்கி நின்றால் அவர் சுமப்பார், வாங்குகிறவர் பக்கம் தட்டுப்பாடு என்றால் அவர் சுமப்பார்.

2018ஐப் பாருங்கள். உருக்குக்கும் அலுமினியத்துக்கும், பிறகு சீனப் பொருட்களுக்கும் அமெரிக்கா தீர்வை போட, சீனா பதிலுக்குப் பன்றி இறைச்சியைப் பிடித்தது. முன்பே 12 சதவீதம் இருந்தது. ஏப்ரலில் 25, ஜூலையில் இன்னொரு 25, மொத்தம் 62. மெக்சிக்கோவும் 20 சதவீதம் போட்டது. அந்த நேரம் அமெரிக்காவில் பன்றி, கோழி, மாடு மூன்றுமே உற்பத்தி ஏறிக்கொண்டிருந்த காலம். குளிர்க் கிடங்குகளில் சேர்ந்த இறைச்சி 250 கோடி இறாத்தலைத் தாண்டியது. நம் கணக்கில் 11 இலட்சம் தொன்னுக்கு மேல், அன்றைக்கு அதுவே சாதனை அளவு. வாங்குகிறவர் விலை பேசுகிற நேரம் அது. ஆகவே தீர்வையின் பெரும்பங்கு அமெரிக்கப் பன்றிப் பண்ணையாளர் தலையில் இறங்கியது.

பன்றிக்குப் போட்ட தீர்வை மாட்டுக்காரரை என்ன செய்யும்? வெளியே போகாத பன்றி இறைச்சி உள்ளூர் சுப்பர்மார்க்கட்டில் மலிவு விலை அட்டையோடு அடுக்கப்படும். வீட்டுக்காரர் வாரத்துக்கு வாங்குகிற இறைச்சிக்கு ஓர் எல்லை உண்டு. மலிவானது கூடையில் ஏறினால் மாட்டு அரைச்ச இறைச்சி இறங்கும். இதிலே ஒரு வேடிக்கை: அந்த வருஷம் அமெரிக்க அரசு 1,200 கோடி டொலர் நிவாரணப் பொதி அறிவித்தது. பன்றிக்குத் தலைக்கு 8 டொலர், பாலுக்கும் ஏதோ கொஞ்சம். இறைச்சி மாட்டுக்காரருக்கு அந்தக் கொடுப்பனவுப் பட்டியலில் இடமே இல்லை. அவருக்கு நேரே அடி விழவில்லையாம்.

உண்மையில் மாட்டுக்கு விலை ஒன்றில்லை, ஒரு மாட்டுக்குள் இருபது விலை இருக்கிறது. கொழும்பில் மாட்டிறைச்சிக் கடைக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான்: எலும்பில்லாதது ஒரு விலை, எலும்போடு ஒரு விலை, ஈரல், பாபத் (இரைப்பை), தலைக்கால் எல்லாம் தனித்தனி. பெரிய இறைச்சி ஆலைகளில் இதே பிரிப்பு உலக அளவில் நடக்கிறது. அமெரிக்க மாட்டின் நாக்கு பெரும்பாலும் ஜப்பானுக்கு, குடல் மெக்சிக்கோவுக்கு, ஈரல் எகிப்துக்கு, தோல் இன்னொரு பக்கம். அமெரிக்கர் ஈரலை அவ்வளவாகத் தொடுவதில்லை. எகிப்துக் கதவு அடைபட்டால் அந்த ஈரல் நாய், பூனைத் தீனிக்குத்தான் போகும், விலையும் அதற்கேற்ற மாதிரி. தோல், நாக்கு, ஈரல், குடல் எல்லாம் சேர்த்து உயிர் எடைக்கு இவ்வளவு என்று ஆலைக்காரர் ஒவ்வொரு நாளும் கணக்குப் போடுகிறார். அது குறைந்தால் அன்றைக்கே மாட்டின் கொள்விலையில் கழித்துவிடுவார். அங்கே தீனிப் பண்ணை மாட்டில் நூற்றுக்கு 85 அளவில் வாங்குவது நான்கு கம்பனிகள்தான். கழிக்காதே என்று சொல்ல யாரிடம் போவது?

தேக்கம் வந்தால் அடுத்து நடப்பது இன்னும் மோசம். விலை ஏறட்டும் என்று பண்ணைக்காரர் மாட்டை நான்கு வாரம் பிடித்துவைக்கிறார் என்று வையுங்கள். நாளுக்கு ஒன்றரைக் கிலோ ஏறினால் 28 நாளில் 42 கிலோ. ஆயிரம் மாடு நின்றால் 42 தொன் உயிர் எடை கூடுதலாகச் சந்தைக்கு வருகிறது. மாடு கூடவில்லை, இறைச்சி கூடிவிட்டது! அதுவும் கடைசி வாரங்களில் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. ஒரு கிலோ எடைக்குப் போடுகிற தீனி கூடும், தரம் பிரிக்கிற இடத்தில் கொழுப்பு மிஞ்சியது என்று விலையும் வெட்டுவார்கள். பிடித்துவைத்தவர் மூன்று முறை தண்டம் கட்டுகிறார். அறுத்து உறைய வைக்கலாமே என்றால், குளிரூட்டியது ஒரு முறை உறைந்தால் பிறகு அந்த விலைக்கு விற்காது.

இப்போது 2025க்கு வருவோம், அதே நாடு, தலைகீழ் நிலைமை. வருஷக்கணக்கான வறட்சியில் பசுக்களை விற்றுத் தள்ளியதால் ஜனவரியில் அமெரிக்க மந்தை 8 கோடியே 67 இலட்சம், 1951க்குப் பிறகு மிகக் குறைந்த எண்ணிக்கை. மெக்சிக்கோவிலிருந்து வரும் உயிர் மாட்டையும் சதை தின்னும் புழுவுக்குப் பயந்து நிறுத்திவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஓகஸ்டில் பிரேசில் மாட்டிறைச்சிக்கு, குறைந்த தீர்வையில் விடுகிற ஒதுக்கீட்டுக்கு மேல் வருவதற்கு முன்பே இருந்த 26.4 சதவீதத்தோடு புதிதாக 50 சேர்த்து, 76.4 சதவீதம் போட்டார்கள். உள்ளூர் மாட்டுக்காரருக்குக் கொண்டாட்டம் என்று மேலோட்டமாகத் தெரியும். கொஞ்சம் உள்ளே போனால் வேறு கணக்கு. தானியம் தின்று கொழுத்த அமெரிக்க மாட்டை வெட்டும்போது கழிகிற துண்டுகளில் பாதி கொழுப்பு. அதைத் தனியே அரைத்து விற்க முடியாது. பிரேசில், அவுஸ்திரேலியா, நியூசிலாந்தில் புல் தின்ற மாட்டின் 90 சதவீதம் சதையுள்ள துண்டுகளோடு கலக்கவேண்டும். 75 கிலோ அந்த மெலிந்த இறைச்சியும் 25 கிலோ இந்தக் கொழுப்புத் துண்டும் கலந்தால் 80 சதவீதச் சதையுள்ள பேர்கர் இறைச்சி கிடைக்கும். மெலிந்தது வராவிட்டால் உள்ளூர்க் கொழுப்புத் துண்டின் மதிப்பும் விழும். அதாவது வெளிநாட்டு மாடு எல்லா இடத்திலும் உள்ளூர் மாட்டுக்குப் போட்டி இல்லை, சில இடங்களில் கூட்டாளி.

இம்முறை சரக்குத் தட்டுப்பாடு அமெரிக்கப் பக்கம். ஆகவே சுமந்தவர் பேர்கர் தின்றவர். பிரேசில் சரக்கைச் சீனாப் பக்கம் திருப்பி, அந்த வருஷமே ஏற்றுமதியில் சாதனை வைத்தது. அமெரிக்கக் கடைகளில் விலை உச்சத்துக்குப் போக, நவம்பரில் மாட்டிறைச்சிக்கான புதுத் தீர்வைகளை அவர்களே எடுத்துவிட்டார்கள்.

சீனா 2026 ஜனவரி 1 முதல் மாட்டிறைச்சி இறக்குமதிக்கு வேறு வழி பிடித்திருக்கிறது. நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு, எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு சுமார் 27 இலட்சம் தொன். அதைத் தாண்டினால் 55 சதவீதம் மேலதிகம். இப்படி வருஷக் கணக்கில் எல்லை வைத்தால் இறக்குமதியாளர் முன்பாதியில் முண்டியடித்து வாங்குவார், எல்லை நிரம்பியதும் கையை விரிப்பார். ஜனவரியில் விற்ற பண்ணைக்காரருக்கும் ஒக்டோபரில் விற்றவருக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் வரலாம்.

இனி நம் பக்கம். இங்கே இறைச்சிக்கென்று மாடு வளர்ப்பவர் மிகக் குறைவு. மட்டக்களப்பிலோ கிளிநொச்சியிலோ பட்டி வைத்திருப்பவர் பாலுக்காக வைத்திருக்கிறார். இறைச்சி விலை என்பது அவருக்கு வற்றிய பசுவும் காளைக்கன்றும் வெளியேறுகிற வாசலின் விலை. பத்துக் கன்று பிறந்தால் ஐந்து காளை. வற்றிய பசுவை விற்ற காசில்தான் அடுத்த நாகு வரும்.

பாலின் விலைக்கு மேற்கூரை போடுவது நியூசிலாந்துப் பால்மா. ஒரு கிலோ முழு ஆடைப் பால்மாவில் ஏழே முக்கால் லீட்டர் பால் கரைக்கலாம். கணக்குக்காக, மா வந்திறங்கும் செலவு கிலோ 1,200 ரூபாய் என்று வைத்தால் லீட்டர் 155 ரூபாய். கொள்வனவு செய்கிற கம்பனி இந்தக் கணக்கைப் பார்க்காமல் பண்ணையாளருக்கு விலை சொல்லாது. மாவுக்குத் தீர்வையைச் சதவீதத்தில் போட்டால், உலக விலை விழும்போது பாதுகாப்பும் கூடவே விழும்: 1,000 ரூபாய்க்கு 20 சதவீதம் 200, விலை 700 ஆனால் 140. பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் குறைகிறது. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று போடுவதே மேல். 2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அதையே ஒரு வர்த்தமானியில் இரவோடு இரவாக மாற்றவும் முடிகிறது. மாற்றம் வரும்வரை மா மூட்டை களஞ்சியத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கும். கறந்த பால் குளிரூட்டாமல் சில மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம்.

மா விலை ஏறினால் பால்காரருக்கு நல்லதுதானே என்பவர்கள் 2021, 2022ஐ நினைத்துப் பார்க்கவும். கட்டுப்பாட்டு விலையை எடுத்ததும் 400 கிராம் பைக்கற் 380 ரூபாயிலிருந்து 480 ஆனது, 2022 மார்ச்சில் 790. அதே டொலர்தான் தீவனத்தையும் மருந்தையும் டீசலையும் தூக்கியது.

இந்தப் பின்னணியில்தான் 2020 செப்டெம்பர் அமைச்சரவை முடிவை மறக்கக்கூடாது என்கிறேன். மாடறுப்பைத் தடை செய்வது, உண்பவர்களுக்கு இறக்குமதி செய்த இறைச்சியைச் சலுகை விலையில் கொடுப்பது. அது நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் வேறு நாட்டின் உபரிக்கு நாம் கதவைத் திறந்து, நம் பட்டிக்காரரின் வாசலை மட்டும் அடைத்திருப்போம். 250 கிலோ நாட்டுப் பசு நாளைக்கு 25 கிலோ பச்சைப்புல் தின்னும், வருஷத்துக்கு ஒன்பது தொன். பால் தராத பசுவுக்கு அந்தப் புல்லை யார் கொடுப்பது? முதிர்ந்த மாடுகளுக்கு ஒரு திட்டம் என்று அந்த முடிவில் ஒரு வரி இருந்தது. ஒரு வரியை மாடு தின்னாது.

புல் என்று வரும்போது மயிலத்தமடு, மாதவணையைச் சொல்லாமல் தீர்வையைப் பற்றிப் பேசுவதே வெட்டிப்பேச்சு. பெரும்போகம் விதைத்தால் மட்டக்களப்பு வயல்பக்கத்து மாடுகள் அந்த மேய்ச்சல் தரைக்குப் போகவேண்டும். அதைக் கேட்டு 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். தரை சுருங்கினால் விதைப்புக்கு முன் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கப் பார்ப்பார்கள். அதுவும் ஓர் உபரிதான், அமெரிக்காவில் நடப்பது போலவே. யாவாரி லொறியை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பார், அவருக்கு அவசரமில்லை.